மடைமாற்றும் வழிமாற்றும் ஒன்றல்ல

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய மென்பொருள் தமிழாக்கத்தைப் பார்த்தேன். டைவர்ட், ரீடைரக்ட், டிஃப்லெக்ட், ரீரூட் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களுக்கும் ‘திசைதிருப்பு’ என்றே போட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில், அந்தச் சொல்லுக்கு இன்று ஒரு கறை படிந்துவிட்டது. ‘வழக்கைத் திசைதிருப்புகிறார்கள்’, ‘பேச்சைத் திசைதிருப்பாதே’ என்று சொல்லிச் சொல்லி, ஏமாற்றும் வேலை என்ற பொருள் அதில் ஏறிவிட்டது. அதைவிடப் பெரிய குறை, நான்கு வேலைகளும் வெவ்வேறு என்பது மறைந்துபோகிறது. தண்ணீரைத் திருப்பியே பிழைத்த ஊர்க்காரர்கள் நாம். நம்மிடம் இதற்குச் சொல் இல்லையென்று ஆகிவிடக் கூடாது.

டைவர்ட் என்பதற்கு ‘மடைமாற்று’ என்பதே என் பரிந்துரை. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை, அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் இரவு இரண்டு மணிக்குக்கூட அப்பாவோடு டார்ச் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போவேன். வரப்பில் மண்வெட்டியால் இரண்டு வெட்டு. வெட்டிய மண்ணை அப்படியே தூக்கி வாய்க்காலின் குறுக்கே போடுவார். அதன்மேல் ஒரு பிடி வைக்கோலை வைத்து மிதிப்பார். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் கொஞ்சம் தயங்கும், மட்டம் ஏறும், அப்புறம் வயலுக்குள் இறங்கும். ஒன்றை அடைத்து இன்னொன்றைத் திறக்கிற இந்த இரட்டை வேலைதான் மடைமாற்று. தண்ணீர் கேட்டுப் போவதில்லை, நாம் அனுப்புகிறோம். கைப்பேசியில் கால் டைவர்ட்டும் இதேதான். அழைப்பவர் பழைய எண்ணைத்தான் அழுத்துகிறார், அழைப்பு வேறு எண்ணில் போய் ஒலிக்கிறது. நாளிதழ்களும் ‘நிதி மடைமாற்றம்’ என்று எழுதிவருவதால் சொல் புதிதாகவும் தோன்றாது.

திருச்சிக்கு அருகே முக்கொம்பு அணையில் வெள்ளக் காலத்தில் காவிரியின் மிகுதி நீரைக் கொள்ளிடத்துக்கு விடுவது மடைமாற்றுதான். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றுக்கும் பாசனத்துக்குப் பங்கிட்டு விடுவதை நான் அப்படிச் சொல்லமாட்டேன். அது பிரித்துவிடுவது. நிரலில் ஒரே தரவு பல இடங்களுக்குப் பங்காகப் போனால் அங்கேயும் ‘பிரி’ என்றே எழுதுங்கள்.

ரீடைரக்ட் வேறு. இணையப் பக்கத்தின் பழைய முகவரியைக் கேட்டு உலாவி (பிரவுசர்) வருகிறது. வழங்கி (சர்வர்) பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பதில்லை. 301 அல்லது 302 என்ற குறியோடு புது முகவரியைச் சொல்கிறது, உலாவியே அங்கே போகிறது. மடை இங்கே பொருந்தாது. தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கும் ‘வழிமாற்று’ நல்ல சொல், அதையே வைத்துக்கொள்வோம். 301 நிலையான வழிமாற்று, 302 தற்காலிக வழிமாற்று.

டிஃப்லெக்டுக்கு ‘விலக்கு’. கரை அரிக்கும் இடத்தில் ஆற்றுக்குள் நீட்டிக் கல் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் அதில் மோதி நடு ஆற்றுக்கு விலகுகிறது. வேறு ஆற்றுக்குப் போகவில்லை, சற்று வளைகிறது, அவ்வளவுதான். லத்தீனிலும் இந்தச் சொல்லின் வேர் ‘வளை’ என்பதே. டைவர்ட்டின் வேர் ‘திருப்பு’.

ரீரூட்டுக்குப் ‘பாதைமாற்று’ எனலாமா? சேருமிடம் மாறாமல் போகும் வழி மட்டும் மாறுவது அது.

---

ஐயா,

மடைமாற்று பிடித்திருக்கிறது, எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டில் தயக்கம். ‘விலக்கு’ என்று பொத்தானில் பார்த்தால் நீக்கு என்றே படிப்பார்கள். மதுவிலக்கு, வரிவிலக்கு எல்லாம் அந்தப் பொருளில்தானே? அப்புறம், வழிமாற்று, பாதைமாற்று இரண்டும் ஒரே திரையில் வந்தால் பயனருக்கு எது எதுவென்று தெரியாது. எனக்கே குழப்பமாக இருக்கிறது.

---

தம்பி,

இரண்டும் நியாயமான தடை. ‘விலக்கு’ வேண்டாம். ஆனால் வேரை விடவும் மனமில்லை. பள்ளிப் பாடத்திலேயே ஒளிவிலகல் என்று படித்த சொல் அது. திரும்பு–திருப்பு, மாறு–மாற்று, விலகு–விலக்கு என்று ஓர் எழுத்து வலித்தவுடன் ‘தானாக’ என்பது ‘நாம் செய்ய’ என்றாகும் வசதி தமிழில் இருக்கிறது. இங்கே அந்த வலித்த வடிவம்தான் வேறு பொருளுக்குப் போய்விட்டது. அதனால் பெயருக்கு ‘விலகல்’, வினைக்கு ‘விலகச்செய்’ என்று வைப்போம்.

ரீரூட்டுக்குத் தெருவிலேயே சொல் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்குப் பாபநாசம் வழியாகப் போகிற பேருந்தை, சாலையில் வேலை நடந்தால் திருவையாறு வழியாக விடுவார்கள். பலகையில் ‘மாற்றுப்பாதை’ என்றுதான் எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரியாத ஓட்டுநர் இல்லை. வாக்கியத்தில் ‘மாற்றுப்பாதையில் அனுப்பு’ என்று எழுதுங்கள். பொத்தானில் இடம் போதாவிட்டால் ‘மாற்றுப்பாதை’ மட்டும் போதும்.