கடல் பாதுகாப்பு வேலையில் மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு: உங்களுடையதையும் எழுதுங்கள்

கடற்புல்_தஞ்சை

நானே ஆரம்பிக்கிறேன். ஆவுளியா, அதாவது கடற்பசு, கணக்கெடுப்பில் கள உதவியாளராக இருந்தேன், மல்லிப்பட்டினத்திலிருந்து கட்டுமாவடி வரைக்கும் கரையோர ஊர்கள். கேள்வித்தாள் வேலை எப்படி இருக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்: கடைசியாக எப்போது பார்த்தீர்கள், எத்தனை பாகம் ஆழம், தனியாகவா குட்டியோடா, வலையில் பட்டதா. ஒரு நாட்டுப்படகுக்காரர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கிழிந்த வலையை முடிந்துகொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வலையில் பட்டதா என்றதும், "பட்டுச்சு, அறுத்து விட்டோம்" என்றார். நானும் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அவர் விடவில்லை. பக்கத்தில் கிடந்த வலையை இழுத்து என் மடியில் விரித்தார். வெள்ளை நைலான் வலையில் ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை நூல். கண்ணிகள் ஒரே அளவில் இல்லை, சின்ன மகன் முடிந்ததாம். ஆவுளியா சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும், வலையில் சுருண்டால் செத்துவிடும், அதனால் யோசிக்க நேரம் கிடையாது, கத்தியை எடுத்து அறுத்திருக்கிறார்கள். "படம் எடுத்துக் குடுத்தா ஊக்கத்தொகை உண்டுன்னாங்கம்மா. இருட்டுல கத்தியப் பிடிக்கிறதா போனப் பிடிக்கிறதா?" அப்புறம் கேட்டார், "இந்தக் கேள்வியெல்லாம் கேக்க உனக்கு மாசம் எவ்வளவு தர்றாங்க?" சொன்னேன். "அதுல பாதி எனக்கு இந்த வலைக்கு ஆச்சு." குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

2022ல் அந்தக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தபோது எங்கள் குழுவில் எல்லாருக்கும் பெரிய சந்தோஷம், எனக்கும்தான். ஒப்பந்தம் முடிந்து அடுத்த வேலைக்கு நேர்காணல் போனபோது, உங்கள் களப்பணியில் முக்கியமான கண்டறிதல் என்ன என்று கேட்டார்கள். அந்தப் பச்சை நூல்தான் கண் முன்னால் வந்தது. வேறு எதையோ சொல்லிவிட்டு வந்தேன்.

நீலாங்கரை_இரவு

2025 ஜனவரி. சென்னையில் ஆமை நடைக்கு, அதாவது முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி ராத்திரி கரையில் நடக்கப் போகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சென்னையிலும் அதை ஒட்டிய கரையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஒருமுறை எண்ணியதையே மறுபடி எண்ணிவிடக் கூடாது என்று ஓட்டின் மேல் பெயிண்ட் அடிப்போம், அந்த டப்பா என் கையில் இருந்தது. கழுத்து வீங்கி, கண் பிதுங்கி, மூழ்கிச் செத்ததற்கு என்னென்ன அடையாளம் உண்டோ அத்தனையும் இருந்தது. ஒரு பெட்டை ஆமை வயிறு பிளந்து கிடந்தது, உள்ளே முட்டைகள், இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தால் கரையேறிப் போட்டிருக்கும். நான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது விசைப்படகில் வேலை செய்கிற ஒரு பையன், இருபது வயதுதான் இருக்கும், பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணா, இத எங்க மேல எழுதிடாதீங்க. மடி வலை போடுறது ஓனர் சொல்ற எடத்துலதான்." சொல்லிவிட்டு என் கையிலிருந்த டப்பாவை வாங்கி அடுத்த ஆமைக்கு அவனே அடித்தான்.

அந்த வருஷம்தான் இருந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதற்கு வந்தேன். வீட்டில் இன்றைக்கும் சரியாகப் பேசுவதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மேலே தோழி எழுதிய பெரியவர் மாதிரி மனிதர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்காக மீனவர்கள் எல்லாரும் வலையை அறுத்து விடுகிறவர்கள் என்று எழுதிவிட முடியாது. விசைப்படகு இழுத்துப் போகிற இழுவைமடி வலை கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் வரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, வருகிறார்கள். மடியின் கழுத்தில் டெட் என்கிற ஆமை விலக்குக் கருவி மாட்டினால் இறாலும் மீனும் கம்பிகளுக்கு நடுவே பைக்குள் போய்விடும், ஆமை கம்பியில் முட்டி மேலே இருக்கிற திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் ஊர் மடிக்கேற்ற மாதிரியே அதைச் செய்து கொடுத்திருக்கிறது. மாட்டினால் பிடிபாடு குறைகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். இதைச் சொன்னால் மீனவர் விரோதி என்கிறார்கள்.

சங்குகுளி_மகன்

நீலாங்கரை அண்ணா, அந்தப் பையன் உங்களிடம் சொன்னது என்ன, நீங்கள் முடித்தது என்ன? "ஓனர் சொல்ற எடத்துலதான்" என்று அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான், அதற்கடுத்த பத்தியில் "மீனவர்கள்" என்று எல்லாரையும் ஒரே மடியில் அள்ளிவிட்டீர்கள். விசைப்படகு முதலாளி வேறு, அதில் கூலிக்குப் போகிறவன் வேறு, வள்ளத்தில் போகிற என் சித்தப்பா வேறு. இழுவைமடி வந்து எங்கள் வலையைக் கிழித்துக்கொண்டு போன கதையை எங்கள் தெருவில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

என் சந்திப்பு கடலில் இல்லை, ஏசி அறையில். அப்பா தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர். நானும் பள்ளிக்கூட லீவில் அவரோடு போய் மூச்சுப் பிடித்து இறங்கியவன்தான், ஆறு பாகம் ஏழு பாகம் வரைக்கும். எம்எஸ்சி முடித்துவிட்டு ஒரு பவளப்பாறை ஆய்வுத் திட்டத்துக்கு நேர்காணல். விண்ணப்பத்தில் "டைவிங் அனுபவம்" என்று ஒரு கட்டம். சின்ன வயசிலிருந்து சங்கு குளித்திருக்கிறேன் என்று சொன்னேன். எதிரே இருந்த மேடம் தலையாட்டிக் கேட்டார், நல்லபடியாகத்தான் கேட்டார், கேட்டு முடித்ததும் குனிந்து அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதினார். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க முடிந்தது. ஸ்கூபா சான்றிதழ் இருந்தால்தான் "ஆம்". அதற்கு ஆகிற பணம் எங்கள் வீட்டில் ஒரு சீசன் வருமானம்.

தேர்வானவர் நல்ல பெண்தான், இப்போது நண்பரும்கூட. முதல் வாரம் எந்தத் தீவுக்கு எந்தக் காற்றில் படகு போகாது என்று என்னிடம்தான் போன் போட்டுக் கேட்டார்.

பழைய_வெள்ளாறு

இந்தத் துறையில் வெகுகாலம் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். என்னை உறுத்துவது ஒரு தகப்பனார். மகளைக் கூட்டிக்கொண்டு பரங்கிப்பேட்டைக்கு வந்து கடல் உயிரியல் மையத்தைச் சுற்றிப் பார்த்தார், பிள்ளைக்குக் கண்ணெல்லாம் பளபளப்பு, வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், "இதுல சம்பளம் நிக்காம வருமா சார்?" என்றார். வரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் அப்புறம் வரவேயில்லை.

அதனால் இளையவர்களுக்குச் சில விஷயங்கள். யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். பட்டத்தின் பெயரில் "கடல்" இருக்க வேண்டும் என்று அலையாதீர்கள். பரங்கிப்பேட்டை இருக்கிறது, 1977லிருந்து தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கிறது, டேராடூனில் இந்திய வன உயிர் நிறுவனம் இருக்கிறது, எல்லாம் நல்ல இடங்கள், ஆனால் எங்கே படித்தாலும் புள்ளியியலும் ஆர் மென்பொருளும் வரைபட மென்பொருளும் கைவசம் இல்லையென்றால் உங்கள் தரவை வைத்து வேறொருவர் கட்டுரை எழுதுவார். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கிவிடுங்கள், 2023லிருந்து மாதம் 37,000 ரூபாய், ஆய்வுப் படிப்புக் காலத்தில் அதுதான் ஓரளவு உறுதியான பணம். மற்றபடி இந்த வேலைகள் பெரும்பாலும் திட்டத்தோடு பிறந்து திட்டத்தோடு சாகிறவை, ஒரு திட்டம் முடிந்து அடுத்தது வருவதற்கு நடுவே மாதக்கணக்கில் சும்மா இருக்க நேரும், அதற்கு முதல் சம்பளத்திலிருந்தே எடுத்து வையுங்கள்.

சட்டம் படியுங்கள், இதை எந்த வகுப்பிலும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை. 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தில் எந்த உயிரினம் எந்த அட்டவணையில் இருக்கிறது, கடல் அட்டையை 2001ல் அதில் சேர்த்துப் பிடிக்கத் தடை போட்டபோது அதை நம்பியிருந்த ஊர்களில் என்ன ஆனது, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011லிருந்து 2019க்கு எப்படி மாறியது, இவை தெரியாமல் கரையில் போய் நின்றால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். மன்னார் வளைகுடாவில் தீவும் பவளமும் வனத்துறையிடம், படகும் வலையும் மீன்வளத்துறையிடம். இரண்டு அலுவலகத்திலும் உங்களுக்குத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். ஐஎஃப்எஸ் (இந்திய வனப் பணி) எழுத ஆசை என்றால் அறிவிக்கையில் இருக்கும் பாடப் பட்டியலைப் பார்த்துவிட்டு இளங்கலையைத் தேர்ந்தெடுங்கள், விலங்கியல் அதில் உண்டு.

இன்னொன்று, யாராவது கடல் ஆமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கரை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 1982 மழைக்காலம் முழுக்க லட்சத்தீவின் சுஹேலி வலியகரை என்ற தீவில் ஒற்றை ஆளாக இருந்து ஆமைகளைப் பதிவு செய்தவர், இந்தியக் கடற்கரையை அவர் நடந்த அளவுக்கு யாரும் நடக்கவில்லை. எனக்கும் அவர் மேல் மிகப் பெரிய மரியாதை. ஆனால் பெரிய பட்டம் இல்லாமல், மாதச் சம்பளம் இல்லாமல் அப்படிப் போகலாம் என்று இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு நான் சொல்ல மாட்டேன்.

சங்குகுளி தம்பி, ஸ்கூபா சான்றிதழ் கேட்பது காப்பீட்டுக்காக. சிலிண்டர் போட்டு இறங்குகிறவருக்கு ஏதாவது ஆனால் திட்டத் தலைவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சங்குகுளி_மகன்

காப்பீட்டுக்காகத்தான் என்றால் வேலைக்கு எடுத்தபிறகு திட்டப் பணத்தில் பயிற்சி கொடுக்கலாமே சார். மைக்ரோஸ்கோப் வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள், படகு வாடகைக்கு ஒதுக்குகிறார்கள். சான்றிதழை வாசலில் கேட்டால் அது வைத்திருக்கிறவர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் உள்ளே வரும். அவமதிப்பு என்று நான் சொல்லவில்லை, ஆள் எடுக்கும் முறை தப்பு என்கிறேன்.

நீலாங்கரை_இரவு

தம்பி, "மீனவர்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்க வேண்டாம், சரி. ஆனால் ஓனரும் அதே சங்கத்தில்தான் இருக்கிறார், கூட்டத்தில் டெட் பேச்சை எடுத்தால் அந்தப் பையனும் சேர்ந்துதான் எழுந்து போகிறான். அதை என்ன செய்வது என்று உண்மையிலேயே கேட்கிறேன்.

குருசடை_பக்கம்

வாக்குவாதம் நடக்கட்டும், நான் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். 2016ல் கோடையில் மன்னார் வளைகுடாவில் கடல் சூடாகிப் பவளம் வெளுத்த சமயம், நான் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தேன். தண்ணீருக்குள் ஸ்லேட்டில் எழுதி எழுதி, வெள்ளை வெள்ளை என்று அது மட்டும்தான். அறிக்கை வந்தபிறகு பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கிற அக்கா ஒருவரைப் பார்க்கப் போனேன். அப்போதுதான் கடலிலிருந்து வந்திருந்தார், விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கீற்று சுற்றி நூலால் கட்டியிருந்தது, பாறை கிழிக்காமல் இருக்க. ஒவ்வொரு கட்டாக அவிழ்க்க அவிழ்க்க உள்ளே விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. "தண்ணி சுட்டது எங்களுக்கு அப்பவே தெரியுமே, உன் மிஷின் வர்றதுக்கு முன்னாடியே" என்றார்.

அப்புறம் அறிக்கையை வாங்கிப் புரட்டினார். எல்லாம் ஆங்கிலம், படங்களை மட்டும் பார்த்தார். ஒரு பக்கத்தில் பாசி எடுக்கிற பெண்களின் படம் இருந்தது, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அது அச்சுறுத்தல்கள் என்ற அட்டவணை. கழிவுநீர், இழுவைமடி, கடல் வெப்பம், அதற்குக் கீழே பாசி சேகரிப்பு. படித்துச் சொன்னேன், வேறென்ன செய்ய?

"நாங்க மாசத்துல பன்னெண்டு நாளுதான் போறோம், நாங்களே பேசி முடிவு பண்ணினது. மீன்பிடித் தடைக்காலத்துல நாப்பத்தஞ்சு நாள் இறங்குறதே இல்ல. அது இதுல இருக்கா?"

இல்லை. ஒரு வரிகூட இல்லை. அந்தக் கட்டுப்பாட்டை அந்தப் பெண்களே கொண்டுவந்தது எங்கள் குழுவில் எல்லாருக்கும் தெரியும். சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு 2015ல் தீவுப் பாதுகாப்புக்கான சீக்காலஜி அமைப்பின் பரிசு கிடைத்ததே இந்தப் பெண்களுக்காக நின்றதற்குத்தான். அட்டவணை வேறொரு பழைய அறிக்கையிலிருந்து அப்படியே வந்திருந்தது. 1986ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்காவாக அறிவித்ததிலிருந்து அந்தப் பெண்கள் ஒவ்வொரு காகிதத்திலும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

அடுத்த அறிக்கையில் அந்தப் பன்னிரண்டு நாளும் நாற்பத்தைந்து நாளும் தனிப் பத்தியாகப் போயிருக்கின்றன, அட்டவணையிலிருந்து அந்த வரியை எடுக்கவைக்க நிறையப் பேசவேண்டியிருந்தது. வெள்ளாறு ஐயா, நீங்கள் சொன்ன திறமைகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் மூத்தவர்கள் எதிரே உட்கார்ந்து ஒரு வரியை நீக்கச் சொல்லிப் பிடிவாதமாக இருப்பது. அதற்குச் சான்றிதழ் கிடையாது.

அந்த அக்கா கேட்டது ஒன்றுதான், இதைத் தமிழில் கொடு, எங்க குழுவுல படிச்சுக் காட்டணும் என்றார். திட்டத்தில் அதற்குப் பணம் இல்லை என்றுவிட்டார்கள். நானே தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், முக்கால்வாசி முடிந்துவிட்டது. படங்கள் கலரில் வர வேண்டும், வெளுத்த பவளம் கறுப்பு வெள்ளையில் தெரியாது. ராமநாதபுரம், மண்டபம் பக்கம் குறைந்த செலவில் அச்சடித்துத் தருகிற பிரஸ் யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள், தடைக்காலம் தொடங்குவதற்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அப்போதுதான் எல்லாரும் கரையில் இருப்பார்கள்.