ஓட்டை அடைபட்டது, கோப்பு போனதா என்று தெரியவில்லை

சுங்கை சிப்புட் கடைக்காரர்:
2015 ஆகஸ்டில் பயர்பாக்ஸ் உலாவியில் தெரியவந்த அந்தப் பாதுகாப்பு ஓட்டை உங்களுக்கு நினைவிருக்கும். ஓர் இணைய விளம்பரத்தில் ஒளிந்திருந்த தாக்குநிரல் அதன் வழியாகக் கணினியின் கோப்புகளைத் திருடியது. 5ஆம் தேதி அந்த உலாவியை உருவாக்கும் மொசில்லாவுக்குத் தகவல் கிடைத்தது, மறுநாளே திருத்திய பதிப்பான 39.0.3 வெளிவந்தது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி உதவி விண்ணப்பங்களை என் கடையின் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) கணினியிலிருந்துதான் பராமரித்து வந்தேன். புதிய பதிப்பை நிறுவிய பிறகு, தாக்குநிரல் தேடிய கோப்புகளின் பட்டியலைப் படித்து, அதில் இருந்த பாஷ் ஹிஸ்டரியை, அதாவது நான் தட்டிய கட்டளைகள் பதிவாகும் கோப்பைத் திறந்தேன். அவசரத்தில் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் கட்டளையோடு சேர்த்துத் தட்டிய கடவுச்சொல் அப்படியே அங்கே கிடந்தது. பால்மரம் வெட்டும் குடும்பங்களின் அடையாள அட்டை எண்களும் சம்பள விவரங்களும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் இருந்தன. அன்றிரவே மாற்றிவிட்டேன். ஆனால் அந்த நிரல் கணினியில் தடயமே விடாது என்பதால், எதுவும் போகவில்லை என்று அந்தப் பெற்றோர்களிடம் இன்றுவரை என்னால் உறுதி கூற முடியவில்லை.

கூலிம் வாசி:
அண்ணா, அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறீர்கள். அந்த விளம்பரம் ஒரு ரஷ்யச் செய்தித்தளத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் என் மாமாவின் கணினியைப் புதுப்பித்துக் கொடுத்தேன். அதோடு வேலை முடிந்தது.

பாகாவ் ஆசிரியை:
கூலிம் தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை. ஓரிடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்றால் வேறெங்கும் இல்லை என்று பொருளாகாது. புதுப்பிப்பு இறங்கிய பின்னும் பல நாள் உலாவியை மூடாமல் பழைய பதிப்பிலேயே வேலை செய்துகொண்டிருந்தவள் நான். மூடித் திறந்தால்தான் திருத்தம் நடைமுறைக்கு வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிடிஎஃப் காட்டும் பகுதியின் வழியாக ஓர் இணையப் பக்கத்தின் நிரல் நம் கணினியின் கோப்புகளையே படித்து, உக்ரைனில் இருந்ததாகத் தெரிந்த ஒரு சர்வருக்கு அனுப்பியது. ஓட்டையை அடைத்தாலும் அனுப்பியது திரும்பி வராது. ஆகையால் விண்டோஸில் ஃபைல்ஜில்லா போன்ற, சர்வருக்குக் கோப்பு அனுப்பும் எஃப்டிபி மென்பொருள்களில் சேமித்த கடவுச்சொற்கள் அனைத்தையும் மாமா மாற்ற வேண்டும். லினக்ஸில் எஸ்எஸ்எச் சாவிகளையும், அதாவது சர்வருக்குள் நுழைய உதவும் சாவிக் கோப்புகளையும், அந்த நிரல் தேடியது. புதிய சாவி உருவாக்கினால் மட்டும் போதாது, பழையதை சர்வர் ஏற்கும் பட்டியலிலிருந்து நீக்கும்வரை அது கதவைத் திறந்துகொண்டேதான் இருக்கும். புதிய சாவிக்கும் ஒரு கடவுச்சொல் வைத்துவிடுங்கள்.

கடைக்காரர் அண்ணா, கடவுச்சொல்லை மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சாவியை நீக்கினீர்களா?