லொகேஷனை அணைத்த பிறகும் ஆப்களுக்கு இருப்பிடம் தெரிவது எப்படி?

கார்காலம் கேட்டது:

ஆண்ட்ராய்டு போன். லொகேஷன் எப்போதும் அணைத்தே இருக்கிறது. ஆனாலும் செய்தி ஆப் சரியான ஊரின் வானிலையைக் காட்டுகிறது. சமூக வலைத்தளங்களில் பக்கத்துக் கடைகளின் விளம்பரம் வருகிறது. ஜிபிஎஸ் இல்லாமல் தகவல் எந்த வழியாகப் போகிறது? எதை முதலில் அடைக்க வேண்டும்? போனை ரூட் செய்யாமல் (சிஸ்டத்தின் பூட்டை உடைக்காமல்), செட்டிங்ஸிலேயே முடிகிற வேலையாகச் சொல்லுங்கள். இன்னொன்று: "பெயர் இல்லாமல்தான் தரவைச் சேகரிக்கிறோம்" என்று ஆப்கள் எழுதுவதை எவ்வளவு நம்பலாம்?

---

ஏழாம்பூட்டு:

அந்த சுவிட்சை அணைத்தால், போனிடம் கேட்டு இருப்பிடத்தை வாங்க ஆப்பால் முடியாது. சுவிட்ச் செய்வது அவ்வளவுதான். வேறு வழியில் ஊகிப்பதை அது தடுக்காது.

முதல் வழி ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண். இதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. இணையத்தோடு பேசினாலே அது போய்விடும். மொபைல் டேட்டாவில் இந்தக் கணிப்பு அடிக்கடி தவறும், ஏனென்றால் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒரே முகவரி வழியாக, சில சமயம் வேறு நகரத்திலிருந்து, வெளியே வருகிறார்கள். வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் ஊர் சரியாக வரும். பலர் கவனிக்காத இடமும் இதுதான். அதே ரவுட்டரில் லொகேஷன் திறந்திருக்கும் இன்னொரு போன் இருந்தால், அதிலுள்ள ஆப் துல்லியமான இருப்பிடத்தையும் ஐபியையும் சேர்த்தே அனுப்பும். அதே விளம்பர நிறுவனத்தின் நிரல் உங்கள் போனிலும் இருந்தால் ஐபி ஒன்றாக இருப்பது அதற்குத் தெரியும். பிறகு நீங்கள் சுவிட்சை அணைத்தும் பயனில்லை. வீட்டில் எல்லோருடைய போனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, விளம்பர அடையாள எண். வெவ்வேறு ஆப்களில் சிதறிக் கிடக்கும் தகவலை ஒரே ஆளுடையது என்று கோர்க்கும் நூல் இது. அதனால் இதில் தொடங்குங்கள்:

செட்டிங்ஸ் → கூகுள் → ஆட்ஸ் → டெலீட் அட்வர்டைசிங் ஐடி. சில போன்களில் இது பிரைவசி பகுதிக்குள் இருக்கும். அழித்த பிறகு கேட்கும் ஆப்புக்கு வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். "ரீசெட்" மட்டும் செய்தால் புது எண் பிறக்கும். அதே மின்னஞ்சலோடு உள்ளே நுழைந்ததும் பழையதையும் புதியதையும் இணைத்துவிடலாம். ஐபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → டிராக்கிங் போய், ஆப்கள் அனுமதி கேட்பதையே நிறுத்திவிடுங்கள். இது 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 உடன் வந்த வசதி.

அடுத்து கூகுள் கணக்கில் "வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி", அதாவது தேடல், ஆப் பயன்பாட்டின் பதிவு. லொகேஷன் ஹிஸ்டரியை (போன இடங்களின் பதிவு, இப்போது "டைம்லைன்" என்று பெயர்) நிறுத்தியவர்களின் இருப்பிடமும் இதன் வழியே சேமிக்கப்படுவதை 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. அந்த விவகாரத்தில் 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர கூகுள் ஒப்புக்கொண்டது. இரண்டும் தனித்தனி சுவிட்சுகள். இரண்டையும் நிறுத்துங்கள், பழையதை அழிப்பது தனி வேலை, அதையும் செய்யுங்கள்.

---

மைத்தடம்:

புகைப்படங்களை விட்டுவிட்டீர்கள். கேமராவுக்கு லொகேஷன் அனுமதி இருந்த காலத்தில் எடுத்த ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதப்பட்டிருக்கும். தசமத்துக்குப் பின் 3 இலக்கம் என்றால் சுமார் 110 மீட்டர் துல்லியம். 5 இலக்கம் என்றால் ஏறக்குறைய 1 மீட்டர். படங்களில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. 2012இல் தலைமறைவாக இருந்த, ஆன்டிவைரஸ் நிறுவனம் தொடங்கிய ஜான் மெக்காஃபி குவாதமாலாவில் இருப்பது வெளியானதே, ஒரு பத்திரிகை இணையதளம் போட்ட படத்துக்குள் இருந்த இந்த எண்களால்தான்.

வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் நீங்கிவிடும். "டாகுமெண்ட்" ஆக அனுப்பினால் அப்படியே போகும். மின்னஞ்சல் இணைப்பிலும் அப்படியேதான். தரம் குறையக் கூடாதென்று டாகுமெண்டாக அனுப்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கேமரா ஆப்பின் செட்டிங்ஸில் "லொகேஷன் டேக்" அணைத்தால் இனி எடுப்பவை மட்டுமே சுத்தம், பழைய படங்கள் மாறாது. ஐபோனில் பகிரும்போது மேலே வரும் "ஆப்ஷன்ஸ்" தொட்டு லொகேஷனை நீக்கலாம்.

---

சிறுகுறிப்பு:

உங்கள் கடைசிக் கேள்விக்கு: நம்ப வேண்டாம். பெயரை எடுத்துவிட்டாலும் நடமாட்டமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 15 லட்சம் பேரின் 15 மாத மொபைல் தரவை எடுத்துக்கொண்டது. எந்த மணி நேரம் என்ற அளவில் நேரமும், செல்போன் கோபுர அளவில் இடமும் மட்டுமே அதில் இருந்தன. அப்படிப்பட்ட 4 புள்ளிகள் தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைத் தனியே பிரித்துவிட முடிந்தது. இரவில் ஒரு போன் தொடர்ந்து தங்கும் இடம் வீடு, பகலில் தங்கும் இடம் வேலை. இந்த இரண்டு முகவரிகளும் ஒருசேரப் பொருந்தும் ஆட்கள் உலகில் எத்தனை பேர் இருப்பார்கள்?

"போன் எண்ணை ஹேஷ் செய்துதான் (ஒரு கணக்கு முறையால் புரியாத குறியீடாக மாற்றித்தான்) பகிர்கிறோம்" என்பதும் இதே வகை. 10 இலக்க எண்களில் மொத்தமே 1000 கோடி சேர்க்கைகள்தான். அத்தனைக்கும் ஹேஷ் போட்டு ஒப்பிட ஒரு கிராபிக்ஸ் கார்டுக்குச் சில நிமிடங்கள் போதும். எண்ணைக் கட்டாயமாகக் கேட்காத ஆப்பில் அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

எல்லோருடைய தரவையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தாலும் ஆபத்து உண்டு. 2017 நவம்பரில் ஓட்டம், சைக்கிள் பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் வெளியிட்ட உடற்பயிற்சி வரைபடத்தில் ஒரு பெயர்கூட இல்லை. ஆனால் ஆளில்லாத பாலைவனத்தின் நடுவே ஓட்டப்பாதைகள் ஒளிர்ந்ததால் ராணுவ முகாம்களின் வடிவம் வெளியே தெரிந்துவிட்டது.

---

கார்காலம்:

நன்றி. விளம்பர எண்ணை அழித்துவிட்டேன். ஐபியை மறைக்க விபிஎன் (வேறொரு சர்வர் வழியாக இணையத்துக்குப் போகும் சேவை) போட்டால் மீதியும் அடைபடுமா? வரைபடம் பார்க்க லொகேஷனைத் திறக்க வேண்டியும் வரும்.

---

ஏழாம்பூட்டு:

விபிஎன் ஐபியை மட்டும்தான் மறைக்கும். நீங்கள் உள்ளே நுழைந்த கணக்கு அப்படியே இருக்கிறது. மேலும், இதுவரை இணைய நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன் நடத்துபவர் பார்ப்பார். இலவச விபிஎன் என்றால் அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். போடுவதாக இருந்தால் "ஆல்வேஸ் ஆன்", "பிளாக் கனெக்ஷன்ஸ் விதவுட் விபிஎன்" இரண்டையும் சேர்த்தே இயக்குங்கள். இல்லாவிட்டால் வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறும் சில நொடிகளில் உண்மையான ஐபி வெளியே போய்விடும்.

வரைபட ஆப்புக்கு "பயன்படுத்தும்போது மட்டும்" என்ற அனுமதி போதும். வானிலைக்கும் செய்திக்கும் "துல்லிய லொகேஷன்" சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் இது உண்டு. சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் என்ற அளவில்தான் ஆப்புக்குத் தெரியும். மழை வருமா என்று சொல்ல அது தாராளம்.

---

மைத்தடம்:

ஒரு சேர்க்கை. லொகேஷனைத் திறக்கும் நேரத்தில், வைஃபையை அணைத்திருந்தாலும் போன் சுற்றியுள்ள ரவுட்டர்களைத் தேடிக்கொண்டிருக்கும். லொகேஷன் சர்வீசஸுக்குள் "வைஃபை ஸ்கேனிங்", "புளூடூத் ஸ்கேனிங்" இரண்டும் தனியாக இருக்கின்றன, அணையுங்கள். கட்டடத்துக்குள் வரைபடப் புள்ளி கொஞ்சம் தடுமாறும். வெளியே வந்தால் ஜிபிஎஸ் பிடித்துக்கொள்ளும்.