புதுப்பிப்பு: வாய்க்காலுக்கு முந்தைய எங்கள் ஊர், பதிவேடு கிடைத்தது

பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊர் நிலங்கள், கீழ்பவானி வாய்க்கால் வருவதற்கு முன் எப்படி இருந்தன என்று எங்கே தேடுவது எனக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

கைகொடுத்தது, "ஈரோடுன்னு கேட்காதீங்க, கோயம்புத்தூர்னு கேளுங்க" என்ற யோசனைதான். ஈரோடு மாவட்டம் 1979-இல்தான் பிரிந்தது. அதனால் பழைய நிலவரித் திட்டப் பதிவேடு (ஒவ்வொரு நிலத்தின் வகையும் வரியும் குறித்த கணக்கு), சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோவை மாவட்டப் பதிவேடுகளோடு இருந்தது.

இன்று நெல்லும் மஞ்சளும் விளைகிற வயல் எல்லாமே அதில் புஞ்சை! வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் பவானிசாகர் அணை முடிந்ததே 1955-இல்தானே, சரி.

எதிர்பாராமல் வீட்டுப் பெட்டியில் ஒரு பாகப் பத்திரமும் அகப்பட்டது. "கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, முறை வைத்துக் கவலை ஓட்டிக்கொள்ள வேண்டியது" என்று எழுதியிருக்கிறது. கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் ஏற்றம். கவலை ஓட்டி ராகிக்குத் தண்ணீர் பாய்ச்சியதாக அப்பாரு (தாத்தா) சொன்னதை நம்பாத மாமா, இப்போது வாயே திறப்பதில்லை.

தேடப் போகிறவர்கள் பழைய சர்வே எண்ணைக் கையோடு கொண்டு போங்கள். இப்போதைய எண் அங்கே உதவாது. ஊர் நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் குறித்திருக்கும் கிராம 'அ' பதிவேட்டில் இரண்டும் இருக்கும்.