உள்நாட்டுப் பயணத்துக்கு ஃபுல் சர்வீஸ் விமானம் தேவையா, பட்ஜெட்டே போதுமா?

வழிப்போக்கன்:
பறக்கும் நேரம் ஒன்றரை மணிதான். பட்ஜெட் விமானத்தில் டிக்கெட் கணிசமாகக் குறைவு. ஃபுல் சர்வீஸில் பெட்டியும் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம். அம்மாவும் கூட வருகிறார், ஆளுக்கொரு பெட்டி இருக்கும். அடிக்கடி பறப்பவர்கள் எதை எடுப்பீர்கள்? காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கறார்கணக்கு:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றரை மணி நேரம் பசி தாங்காதா?

பட்ஜெட் என்றால் ஓட்டை உடைசல் என்று பலர் நினைக்கிறார்கள். மலிவுக்குக் காரணம் வேறு. பட்ஜெட்காரன் ஒரே ரக விமானங்களாக வாங்குவான். பைலட் பயிற்சி, உதிரி பாகம், பராமரிப்பு எல்லாமே அதனால் சுலபம். வந்து இறங்கியதை அரை மணி நேரத்தில் திரும்பக் கிளப்பிவிடுவான், தரையில் நிற்கிற விமானம் காசு பார்க்காது என்பதால். 1971-ல் பறக்கத் தொடங்கிய அமெரிக்க பட்ஜெட் கம்பெனி சவுத்வெஸ்ட், போயிங் 737-ஐ வைத்துக்கொண்டு இதைத்தான் செய்து காட்டியது. பிறகு வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்து எழுதியவர்கள். அந்த மிச்சம்தான் நம் டிக்கெட்டில் குறைகிறது. ஃபுல் சர்வீஸுக்கு அதிகம் கொடுப்பது, பாதி சாப்பிட்டு மூடி வைக்கிற டப்பாவுக்கு.

ஜன்னலோரம்:
கணக்கு சார், பெட்டியை விட்டுட்டீங்களே! ஆளுக்கொரு பெட்டின்னு தெளிவா எழுதியிருக்காங்க. பட்ஜெட்ல பல இடத்துல செக்-இன் பெட்டிக்குத் தனிக் காசு. அம்மா பக்கத்துலயே உட்காரணும்னா சீட்டுக்குத் தனி. புக் பண்ணும்போது பெட்டியைச் சேர்க்காம ஏர்போர்ட்ல போய் எடை போட்டா தீட்டிடுவாங்க. கடைசிப் பக்கத்துல காசு கட்டுறதுக்கு முன்னாடி வர்ற மொத்தத்தைப் பாருங்க, முதல் பக்கத்துல மின்னுற விலையைப் பார்க்காதீங்க.

சவுத்வெஸ்ட் பேரைச் சொன்னீங்களே, 2022 டிசம்பர்ல என்ன ஆச்சு? பனிப்புயல் எல்லாரையும்தான் அடிச்சது. மத்தவங்க சில நாள்ல எழுந்துட்டாங்க. இவங்களுக்கு எந்த பைலட் எந்த ஊர்ல இருக்கார்னே மென்பொருளால கண்டுபிடிக்க முடியல. 16,000 விமானத்துக்கும் மேல ரத்து. சிக்கனத்தை எங்க பிடிச்சாங்கன்னு அப்பதான் ஜனங்களுக்குப் புரிஞ்சது.

கறார்கணக்கு:
நல்ல உதாரணம். கூடவே 2024 ஜூலையையும் சொல்லிவிடுங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு மென்பொருளின் கோளாறில் உலகமே முடங்கியபோது, அமெரிக்காவில் எல்லோரையும்விடத் தாமதமாக எழுந்தது டெல்டா. சுத்தமான ஃபுல் சர்வீஸ் கம்பெனி. சுமார் 7,000 விமானங்கள் ரத்து, காரணம் அங்கேயும் பணியாளர் அட்டவணை மென்பொருள்தான். சாப்பாட்டு டிரே வைத்திருப்பவனிடம் நல்ல கம்ப்யூட்டரும் இருக்கும் என்று யார் சொன்னது?

நடுவானில்:
இருவரும் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சண்டை போடுகிறீர்கள். அந்தப் பலகை எப்போதோ அழிந்துவிட்டது. ஃபுல் சர்வீஸ் என்று பெயரெடுத்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2017-ல் குறுந்தூர எகானமியில் இலவசச் சாப்பாட்டை நிறுத்திக் காசுக்கு விற்க ஆரம்பித்தது. பட்ஜெட் என்று நீங்கள் சொல்கிற சவுத்வெஸ்டோ, 2025 மே வரை இரண்டு பெட்டிகளை இலவசமாக ஏற்றியது. ஃபுல் சர்வீஸ்காரர்களே இப்போது ‘பேசிக்’, ‘லைட்’ என்று பெட்டி இல்லாத டிக்கெட் விற்கிறார்கள். கம்பெனி பெயரை நம்பி அதை வாங்கிவிட்டு, கவுன்டரில் ‘பெட்டி இலவசம் இல்லையா?’ என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்தத் தடத்தில் அந்தக் கம்பெனிக்கு ஒரு நாளில் எத்தனை விமானம். நம் விமானம் ரத்தானால், தினம் எட்டு முறை பறக்கிற பட்ஜெட்காரன் மாலைக்குள் எதிலாவது திணித்து அனுப்பிவிடுவான். தினம் ஒன்றே ஒன்று விடுகிற ஃபுல் சர்வீஸ்காரன், வேறு கம்பெனியில் இடம் பிடித்துத் தராவிட்டால், மறுநாள் வரச் சொல்லுவான். இஸ்திரி போட்ட சட்டையும் புன்னகையும் அப்போது எதற்கு ஆகும்?

சட்டமும் பட்ஜெட், ஃபுல் சர்வீஸ் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1,500 கி.மீ.க்கு உட்பட்ட பயணம், விமானக் கம்பெனியின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 250 யூரோ இழப்பீடு. டிக்கெட்டே அதைவிட மலிவாக இருந்தாலும் அதே தொகைதான்.

ஜன்னலோரம்:
சரி, கால் நீட்டுற இடம்? வயசானவங்க முட்டி இடிக்காம உட்கார வேண்டாமா?

நடுவானில்:
ஐரோப்பிய பட்ஜெட் கம்பெனியான ரயன்ஏரில் சீட்டுக்குச் சீட்டு 30 அங்குலம். பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏ320நியோ ரக விமானத்தின் எகானமியில் பல வரிசைகளில் 29. ரயன்ஏர் சீட் பின்னால் சாயாது, அது உண்மை. ஆனால் முன்னால் இருப்பவரும் நம் மேல் சாயமாட்டார் என்பதை நான் வரமாகவே நினைக்கிறேன்.

புதுமுகம்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பட்ஜெட் விமானம் பாதுகாப்பானதா?

கறார்கணக்கு:
ஒரு நாட்டில் உரிமம், தணிக்கை, பராமரிப்பு விதி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. 1985-லிருந்து பறக்கிற ரயன்ஏரில் விபத்தில் ஒரு பயணிகூட இறந்ததில்லை. இறங்குகிற இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய பட்ஜெட் கம்பெனி ஜெட்ஸ்டாரின் மெல்போர்ன் விமானங்களில் சில அவலான் விமான நிலையத்தில் இறங்கும், நகரத்திலிருந்து சுமார் 50 கி.மீ. டாக்சிக்குக் கொடுப்பதும் டிக்கெட் விலைதான்.

வழிப்போக்கன்:
எல்லோருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். திரும்பும்போது அம்மா வெளிநாட்டிலிருந்து வரும் அக்காவோடு சேர்ந்துகொள்வார். அக்கா இறங்கி இரண்டரை மணி நேரத்தில் உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டும்.

ஜன்னலோரம்:
அப்போ பேச்சே வேண்டாம். அக்காவுக்கு வெளிநாட்டு டிக்கெட்டும் உள்நாட்டு டிக்கெட்டும் ஒரே பிஎன்ஆர்ல இருக்கணும். முதல் விமானம் தாமதமாகி ரெண்டாவது போயிடுச்சுன்னா, அடுத்ததுல ஏத்தி விடுறது அவங்க பொறுப்பு. தனித்தனியா வாங்கினா, பட்ஜெட்காரன் ‘வரல’ன்னு எழுதிட்டுப் பறந்துடுவான். புது டிக்கெட்டுக்கு அக்கா தலையிலதான் விடியும். ஒரே டிக்கெட்ல இந்த வசதி பெரும்பாலும் ஃபுல் சர்வீஸ்லதான் கிடைக்கும்.

கறார்கணக்கு:
அது அக்காவின் டிக்கெட். அம்மாவுக்கும் உங்களுக்கும் போகும்போது ஏன் அதிகம் அழ வேண்டும்? பட்ஜெட்டில் போங்கள், பெட்டியை முன்கூட்டியே சேர்த்து வாங்குங்கள். திரும்பும்போது அக்கா வருகிற விமானத்திலேயே அம்மாவுக்கு ஒருவழி டிக்கெட்.

வழிப்போக்கன்:
ஒருவழி விலையைவிடப் போக வர விலை குறைவாகக் காட்டுகிறதே? போக வர வாங்கிக்கொண்டு, போகும் டிக்கெட்டைப் பயன்படுத்தாமல் விட்டால்?

நடுவானில்:
அதை மட்டும் செய்யாதீர்கள். முதல் பயணத்துக்கு வராதவரின் மீதிப் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்வது பல கம்பெனிகளின் விதி. திரும்பும் நாளில் கவுன்டரில் அம்மாவின் பெயரே இருக்காது.