இரட்டை இன்ஜின் வேகப்படகு: 26 பிட்சிலிருந்து 28-க்குப் போகலாமா?

அலைஓடி:

நண்பர்களுக்கு வணக்கம். என் படகு 30 அடி நீளம். பின்பகுதியில் 24 டிகிரி சாய்வுள்ள ஆழமான ‘வி’ அடிப்பகுதி. மெர்க்ரூஸர் 496 மேக் எச்.ஓ. இன்ஜின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 425 குதிரைத்திறன். இன்ஜினின் திறனைப் படகின் பின்புறமுள்ள புரொப்பெல்லருக்குக் கடத்தும் டிரைவ்கள் பிராவோ ஒன், கியர் விகிதம் 1.50. புரொப்பெல்லர்களின் பெயரும் பிராவோ ஒன்தான். டிரைவுக்கும் புரொப்பெல்லருக்கும் ஒரே பெயரைச் சூட்டியவர்கள் இப்படிக் கேள்வி எழுதுபவர்களின் பாட்டை நினைத்துப் பார்க்கவில்லை. நான்கு இறக்கை, 26 அங்குல பிட்ச் (நழுவாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம்), வலப்பக்கம் வலச்சுழற்சி, இடப்பக்கம் இடச்சுழற்சி, அதாவது இரண்டும் வெளிநோக்கிச் சுழல்கின்றன.

பாதி எரிபொருளுடன் இருவர் மட்டும் ஏறி, த்ராட்டிலை முழுவதும் திறந்து ஓட்டும்போது இடது இன்ஜின் 4,780 ஆர்பிஎம், வலது இன்ஜின் 4,580 ஆர்பிஎம் காட்டுகின்றன. ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 66 மைல். இதே அமைப்பில் 70 மைல் ஓடுவதாகச் சிலர் சொல்வதால் எனக்கு மூன்று சந்தேகங்கள். 28 பிட்ச் ஜோடி வாங்கினால் வேகம் கூடுமா? சுழற்சியை உள்நோக்கி மாற்றினால் பயன் உண்டா? டிரைவ்களை உயர்த்திப் பொருத்துவது செலவுக்கு ஏற்றதுதானா? வலது புரொப்பெல்லர் முன்பு ஒருமுறை அடிபட்டு, ஒரு பழுதுநீக்கும் கடையில் சரிசெய்யப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய பணிமனை:

கடைசி வாக்கியத்தை முதலில் எழுதியிருக்கலாம் நண்பரே. பாதி விடை அதில்தான் இருக்கிறது. ஆனாலும் வரிசையாகவே பார்ப்போம்.

28 பிட்ச் இப்போது வேண்டாம். உங்கள் இன்ஜினுக்கு முழு த்ராட்டிலில் 4,600 முதல் 5,000 வரை ஆர்பிஎம் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் வகுத்த வரம்பு. வலது இன்ஜின், படகு இலேசாக இருக்கும் நிலையிலேயே அந்த வரம்புக்குக் கீழே நிற்கிறது. டாங்க் நிறைந்து ஆறு பேர் ஏறினால் இன்னும் இறங்கும். பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் குறையும் என்பது நடைமுறைக் கணக்கு. அப்படியானால் 28-ல் வலது இன்ஜின் 4,200-ஐ ஒட்டி வந்து நிற்கும். இன்ஜின் தன் முழுத்திறனைத் தரும் ஆர்பிஎம்மை எட்டவே எட்டாது. வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறையவும் கூடும். அதைவிடப் பெரிய கேடு, முழு த்ராட்டிலில் சுமையோடு திணறும் இன்ஜினுக்குள் வெப்பமும் அழுத்தமும் ஏறி ‘நாக்கிங்’ (எரிபொருள் முறைதவறி வெடித்துத் தட்டுவது) தொடங்கினால் பிஸ்டனுக்கே ஆபத்து.

அடுத்தது ஸ்லிப், அதாவது புரொப்பெல்லர் நீரில் நழுவுவதால் இழக்கும் வேகம். ஆர்பிஎம்மைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தையும் 1,056-ஐயும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், புரொப்பெல்லர் நீரில் சிறிதும் நழுவாமல் திருகிச் சென்றால் கிடைக்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். உங்கள் இடப்பக்கத்துக்கு அது 78.5, உண்மையில் ஓடியது 66, ஆகவே ஸ்லிப் ஏறக்குறைய 16 சதவீதம். வலப்பக்கத்துக்கு 75.2, ஸ்லிப் 12 சதவீதம். ஒரே படகில், ஒரே வேகத்தில், ஒரே எண் பொறித்த இரண்டு புரொப்பெல்லர்களுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி இருக்கக்கூடாது. இப்போது வலது புரொப்பெல்லரின் உண்மையான பிட்ச் 27.2 என்று வைத்துக்கொண்டு கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள்: அதன் ஸ்லிப்பும் 16 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. அடிபட்ட இறக்கையைத் தட்டி நிமிர்த்தியவர் பிட்சையும் சேர்த்துக் கூட்டிவிட்டார் என்றுதான் என் சந்தேகம் போகிறது. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள சிறு வளைவு, அதாவது ‘கப்’, கொஞ்சம் கூடியிருந்தாலும் இதே விளைவுதான்.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. வலது இன்ஜின் பலம் குன்றியிருந்தாலும் ஆர்பிஎம் இறங்கும். குறைவாக உந்துவதால் அதன் ஸ்லிப்பும் குறைவாகவே தெரியும். இரண்டு காரணங்களும் மீட்டரில் ஒரே முகத்தைத்தான் காட்டும்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. பிராவோ டிரைவில் கியர் கிளட்ச் மேல்பெட்டியில் இருப்பதால், அதை இரு திசைகளிலும் முன்னோட்டமாக ஓட்டலாம். கேபிளால் இயங்கும் கட்டுப்பாடாக இருந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஷிஃப்ட் கேபிள் இணையும் இடத்தை இரு பக்கமும் மாற்றி, கையேட்டின்படி ஷிஃப்ட் சரிசெய்தலை மீண்டும் செய்தபின், புரொப்பெல்லர்களைப் பக்கம் மாற்றிப் போடுங்கள். ஆர்பிஎம் குறைவு புரொப்பெல்லரோடு சேர்ந்து இடப்பக்கம் போனால் குற்றவாளி புரொப்பெல்லர். வலப்பக்கமே தங்கிவிட்டால் இன்ஜினைத் திறக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் சுழற்சி தானாகவே உள்நோக்கி மாறிவிடுவதால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் செலவில்லாமல் விடை கிடைக்கும். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் முன்னோட்டம் எது, பின்னோட்டம் எது என்று இரண்டு டிரைவிலும் தனித்தனியே கியர் போட்டுப் பார்த்துவிடுங்கள். அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே தொங்கும் இன்ஜின்) வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முயல வேண்டாம். அங்கே பெரும்பாலும் எதிர்ச்சுழற்சிக்குத் தனிக் கியர்பெட்டியே வேண்டும்.

அதற்கும் முன்னால் பத்து நிமிட வேலைகள் சில உள்ளன. ஆர்பிஎம் மீட்டரை நம்பாமல், கண்டறியும் கருவியை இன்ஜின் கணினியில் செருகி எண்ணைப் பாருங்கள். டிரைவின் சாய்கோணத்தைக் காட்டும் டிரிம் மீட்டர் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினாலும் டிரைவ்கள் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்று கரையில் நின்று கண்ணால் பாருங்கள். புரொப்பெல்லர் குழலில் காற்று செல்லும் துளைகளை அடைக்கும் பிளாஸ்டிக் மூடிகள் இரு பக்கமும் ஒரே வகையா என்றும் கவனியுங்கள். ஒரு மூடி விழுந்திருந்தாலே பிளேன் ஏறும்போது, அதாவது படகு எழும்பி நீரின் மேல் சறுக்கத் தொடங்கும்போது, அந்தப் பக்கம் தனியாக அலறும்.

நீர்க்கோடு:

பணிமனை ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். உயரத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

டிரைவை உயர்த்தலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, இப்போது அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான். பெரும்பாலோரிடம் பதில் இருப்பதில்லை. டிரெய்லரில் படகு நிற்கும்போது, வளையாத நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்றைக் கீலின் (படகின் அடி நடுக்கோட்டின்) அடியில் ஒட்டிப் பிடித்துப் பின்னோக்கி நீட்டுங்கள். புரொப்பெல்லர் தண்டு படகின் அடிப்பகுதிக்கு இணையாக வரும்வரை டிரிம்மைச் சரிசெய்தபின், தண்டின் மையம் சட்டத்துக்கு எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இதைத்தான் எக்ஸ் அளவு என்கிறோம். இரு பக்கமும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஒரு பக்கத்தோடு நிறுத்திய நானே பிறகு கால் அங்குல வேறுபாட்டைக் கண்டு வெட்கப்பட்டிருக்கிறேன்.

டிரைவ் உயர உயர, நீருக்குள் இழுபடும் உலோகம் குறைவதால் வேகம் கூடும். அதற்கு ஈடாகத் திருப்பங்களில் புரொப்பெல்லர் காற்றைக் கவ்வும், பிளேன் ஏற நேரமாகும். டிரைவின் பக்கவாட்டில் உள்ள நீர் உறிஞ்சும் துளைகள் மேற்பரப்பை நெருங்கினால் இன்ஜினுக்குக் குளிர்நீர் அழுத்தம் விழும். இந்த வேலையில் முதலில் வாங்க வேண்டிய கருவி நீர் அழுத்த மீட்டர். உயரத்தை மாற்றுவது என்றால் இடைத்தட்டு வைத்தோ, குட்டையான கீழ்ப்பெட்டி (டிரைவின் அடிப்பாகம்) போட்டோதான் செய்ய வேண்டியிருக்கும். மூக்கின் அடியில் நீர்த்துளை உள்ள கீழ்ப்பெட்டிகள் அதற்காகவே வருகின்றன. 66 மைலில் ஓடும் படகுக்கு அது முதல் செலவாக இருக்கக்கூடாது.

உள்நோக்கிய சுழற்சியில் சில அடிப்பகுதிகள் இரண்டு மைல் கூடுதலாக ஓடுவதை நான் கண்டிருக்கிறேன். சில படகுகளில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் துறையில் மெதுவாகத் திருப்பும்போது ஒரு டிரைவை முன்னும் மற்றதைப் பின்னும் போட்டுச் சுழற்றும் வசதி கண்டிப்பாகக் குறையும், ஏனெனில் வெளிநோக்கிச் சுழலும்போது புரொப்பெல்லர்களின் பக்கத்தள்ளு திருப்பத்துக்கு உதவுகிறது, உள்நோக்கிச் சுழலும்போது அதே தள்ளு எதிர்த்து நிற்கிறது. பழகிய கை முதல் நாள் ஏமாறும். சோதனை ஓட்டத்துக்கு நெரிசலான துறையிலிருந்து கிளம்பாதீர்கள்.

ஐந்திதழ்:

நான் சற்று மாறுபடுகிறேன். 24 டிகிரி ‘வி’ அடிப்பகுதியில் கனமான இரண்டு இன்ஜின்களைப் பின்னால் வைத்துக்கொண்டு நான்கு இறக்கையோடு ஏன் நிற்க வேண்டும்? ஐந்து இறக்கைப் புரொப்பெல்லர் போட்டபின் என் படகு பிளேன் ஏறும் நேரமும் குறைந்தது, நடுத்தர வேகத்தில் அணியம் (படகின் முன்முனை) ஏறியிறங்கித் துள்ளுவதும் நின்றது. கியர் விகிதத்தை 1.36-ஆக மாற்றுவதையும் யோசிக்கலாம்.

பழைய பணிமனை:

ஐந்து இறக்கையின் பிடிமானத்தை நான் மறுக்கவில்லை. உயர்த்திப் பொருத்திய டிரைவுக்கும், சுமையோடு அலையில் ஓடுபவருக்கும் அது நல்ல தேர்வு. ஆனால் இறக்கை கூடும்போது நீரோடு உராயும் பரப்பும் கூடுகிறது. பலபோது ஓர் அங்குலம் பிட்சைக் குறைத்தே வாங்க வேண்டிவரும். அலைஓடி கேட்பது உச்ச வேகத்தை.

கியர் விகிதம் வேறு கதை. 1.50-ல் 26 பிட்ச் செய்யும் வேலையை 1.36-ல் ஏறத்தாழ 24 பிட்ச் செய்யும். கணக்குப் போட்டால் 23.6 வருகிறது. ஒரே வேகத்துக்கு, தண்டு மெதுவாகச் சுழன்று பெரிய பிட்சோடு தள்ளுவது பொதுவாகத் திறன் மிக்கது. இரண்டு டிரைவ்களைப் பிரித்துக் கியர் மாற்றும் பணத்துக்கு இந்தப் படகில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. விகிதத்தை மாற்றுவதற்கான காரணம், தேவையான பிட்ச் சந்தையில் கிடைக்காத நிலை வரும்போதுதான் எழும்.

டிரைவ்களை இணைக்கும் டை பாரை யாரும் சொல்லவில்லை. படகு கரையில் இருக்கும்போது ஒரு டிரைவின் அடித்துடுப்பைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டு, மற்ற டிரைவ் அசைவதற்கு முன் இது தனியாகச் சிறிது நகர்ந்தால், டை பார் முனைகளிலோ டிரைவைத் தாங்கித் திருப்பும் கிம்பல் வளையத்திலோ தேய்மானம் இருக்கிறது. இரு புரொப்பெல்லர் தண்டுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து இணையாக வைத்துத் தொடங்குங்கள். 70 மைலில் டிரைவ்கள் தனித்தனித் திசை பார்க்கும் படகில் எந்தப் புரொப்பெல்லரைப் போட்டும் பயனில்லை, பாதுகாப்பும் இல்லை.

அலைஓடி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க.

கண்டறியும் கருவியில் பார்த்தபோது ஆர்பிஎம் மீட்டர்கள் இரண்டும் 20-க்குள்தான் பிழையாக இருந்தன. டிரிம் மீட்டர் பொய் சொன்னது: ஒரே எண்ணில் வலது டிரைவ் கொஞ்சம் கீழே நின்றது. அதைச் சரிசெய்ததும் வலது இன்ஜினுக்கு 40 ஆர்பிஎம் கிடைத்தது. பிறகு கேபிளை மாற்றிப் புரொப்பெல்லர்களைப் பக்கம் மாற்றினேன். காற்றுக்கு எதிராகவும் காற்றோடும் இருமுறை ஓடி, ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் எண்களை எழுதினோம். ஆர்பிஎம் குறைவு அப்படியே இடப்பக்கம் போனது.

பழைய கடைக்குப் போகாமல், பிட்ச் அளக்கும் கருவி உள்ள வேறொரு பணிமனையில் இரண்டையும் கொடுத்தேன். பழுது பார்த்த புரொப்பெல்லரில் மூன்று இறக்கைகள் 26-ஐ ஒட்டியிருக்க, நான்காவது மட்டும் 28-ஐத் தாண்டியிருந்தது. கப்பும் நான்கிலும் நான்கு விதம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் வெளிநோக்கிய சுழற்சியில் போட்டு ஓட்டியதில் இரண்டு இன்ஜின்களும் 4,800-ஐச் சுற்றி நிற்கின்றன, வேகம் 67.5. ஸ்டியரிங்கில் நெடுநாளாக இருந்த மெல்லிய அதிர்வும் காணாமல் போய்விட்டது. அதை நான் இன்ஜின் மவுண்ட் என்று நினைத்திருந்தேன். உள்நோக்கிய சுழற்சியில் பழைய புரொப்பெல்லர்களோடு அரை மைல்கூடக் கூடவில்லை. துறையில் படகைக் கட்ட நான்கு முறை முயன்றேன்.

எக்ஸ் அளவு இரு பக்கமும் 3 அங்குலம், கீலுக்குக் கீழே.

பழைய பணிமனை:

4,800-ல் 67.5 என்றால் ஸ்லிப் 14 சதவீதம். இந்த வகைப் படகில் 10, 12 வரை இறங்க இடமிருக்கிறது, ஆகவே மிச்சமிருக்கும் வேகம் பிடிமானத்தில் இருக்கிறது, பிட்சில் இல்லை. இப்போது யாரிடமாவது 26-லேயே இறக்கை மெலிதாக்கிச் சமன்செய்த ஜோடியை ஒரு நாளைக்குக் கடன் வாங்கி ஓடிப் பாருங்கள். ஐந்திதழ் நண்பரிடம் 25 பிட்ச் ஜோடி இருந்தால் அதையும் அதே நாளில், அதே எரிபொருள் அளவில் ஓடிவிடுங்கள். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

ஐந்திதழ்:

இருக்கிறது. ஒரு ஜோடி சும்மாதான் கிடக்கிறது. நட்டு இறுக்கும் குறட்டையும் சேர்த்தே கொண்டுவருகிறேன், பூட்டு வாஷரை மட்டும் நீங்கள் புதிதாக வாங்கி வைத்திருங்கள்.