ரெண்டு விஎம்முக்கும் ஒரே ஐபி, ஒண்டோடொண்டு கதைக்குதில்லை

வெள்ளவத்தைப் பொடியன்:
வணக்கம். வெள்ளவத்தையில வாடகை அறை ஒண்டில இருந்து படிக்கிறன். லப்டொப்பில விண்டோஸ், 8 ஜிபி ராம். வேர்ச்சுவல்பொக்ஸில உபுண்டு சேர்வர் விஎம் (லப்டொப்புக்குள்ள ஓடுற வேர்ச்சுவல் மெஷின்) ரெண்டு ஓடுது. ஒண்டு வெப், மற்றது மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்.

ரெண்டின்ர நெட்வேர்க் செட்டிங்கும் நாட் மோட். ஐபி பாத்தா ரெண்டிலயும் 10.0.2.15! அப்டேட் எல்லாம் இறங்குது. ஆனா வெப்பில இருந்து மற்றதுக்குப் பிங் அடிச்சா (பதில் வருதோ எண்டு பாத்தா) வெப்பே தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டிருக்கு. கால் மணித்தியாலம் வேலை செய்யுதெண்டு சந்தோசப்பட்டனான்.

பிறகு பிரிட்ஜ்ட் மோட் போட்டன். அறையில சரிவந்தது. வகுப்பு வைஃபையில திறந்தா ஐபியே இல்லை. வெள்ளிக்கிழமை டெமோ. அறை ரவுட்டரிலயும் கை வைக்கேலாது, பாஸ்வேர்ட் வீட்டுக்கார அன்ரிக்கே தெரியாது. கனடாவில இருக்கிற மகன் போட்டுவிட்டதாம்.

கேபிள்காரன்:
தம்பி, அது பிழையில்லை. நாட் மோட்டில ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனியா ஒரு குட்டி ரவுட்டர். ரெண்டு ரவுட்டரும் தன்ர ஆளுக்கு 10.0.2.15 குடுக்குது. பக்கத்துப் பக்கத்து வீட்டில ரெண்டு பேரை 'அம்மா' எண்டு கூப்பிடுற மாதிரி.

பிரிட்ஜ்ட்டை விடுங்கோ. அதில விஎம் வெளி நெட்வேர்க்கில புது மெஷினாப் போய் நிக்கும். அறையில ஆரும் கேக்கமாட்டினம். பெரிய இடத்து வைஃபை கேக்கும்.

விஎம்மின்ர முதலாவது நெட்வேர்க் கார்ட், அடப்டர் 1, நாட்டிலயே அப்பிடியே இருக்கட்டும். அடப்டர் 2 ஐ ஹோஸ்ட்-ஒன்லி ஆக்குங்கோ. இன்டர்நெட் முதலாவதால போகும், விஎம்களும் லப்டொப்பும் ரெண்டாவதால கதைக்கும். காலிமுகத்திடலில குந்தியிருந்து திறந்தாலும் அந்த ஐபி மாறாது.

தெமட்டகொட நைட்ஷிஃப்ட்:
நாட் நெட்வேர்க் எண்டும் ஒண்டு இருக்கே? ஒரே அடப்டரில முடியும், விஎம்கள் தங்களுக்குள்ள கதைக்கும்.

கேபிள்காரன்:
ஓம், ஆனா லப்டொப் ப்ரவுசரில காட்டப் போர்ட் ஃபோர்வேர்டிங் (லப்டொப்பின்ர ஒரு போர்ட்டுக்கு வாறதை விஎம்முக்குத் திருப்பிவிடுறது) போடவேணும். டெமோவுக்கு முதல் நாள் அந்தக் கரைச்சல் ஏன்?

வெள்ளவத்தைப் பொடியன்:
அண்ணா, போட்டன். ரெண்டாவது கார்ட், இஎன்பி0எஸ்8, டவுன் எண்டு கிடந்தது. உபுண்டுவின்ர நெட்வேர்க் செட்டிங் இருக்கிற நெட்பிளான் ஃபைலில அதின்ர பேரே இல்லை, முதலாவது கார்ட் மட்டும்தான். நானே சேர்த்து, ஐபி தானா வரட்டும் எண்டு டிஎச்சிபி ட்ரூ போட்டன். இப்ப ரெண்டுக்கும் 192.168.56.101! மெக் அட்ரஸ் (கார்டின்ர அடையாள நம்பர்) ரெண்டும் வேற வேற, கண்ணால பாத்தன். பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.

கேபிள்காரன்:
ஒண்டைக் குளோன் (அப்பிடியே கொப்பி) பண்ணித்தானே மற்றதை எடுத்தனீங்கள்?

உபுண்டு சேர்வர் ஐபி கேக்கேக்க மெக்கைக் காட்டிறதில்லை. எத்சி ஃபோல்டருக்குள்ள இருக்கிற மெஷின்-ஐடி ஃபைலில இருந்து ஒரு அடையாளம் செய்து அதைத்தான் காட்டும். குளோனில அதுவும் கொப்பியாகிடும். ஐபி குடுக்கிற டிஎச்சிபி சேர்வருக்கு உங்கட ரெண்டு விஎம்மும் ஒராள்தான். நானும் இதில ஒரு இரவு முழுக்க மண்டையை உடைச்சனான்.

குளோனில அந்த ஃபைலை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்கி ரீபூட் பண்ணுங்கோ, புதுசு வரும். ஆனா டெமோவுக்கு டிஎச்சிபியை நம்பாதேங்கோ. வெப்புக்கு 192.168.56.11, டேட்டாபேஸுக்கு 192.168.56.12 எண்டு கையால எழுதுங்கோ. டிஎச்சிபி வழமையா 101 இல இருந்துதான் குடுக்கும், இடிபடாது. ஹோஸ்ட்-ஒன்லி கார்டுக்கு கேட்வே (வெளிய போற வாசலின்ர ஐபி) மட்டும் எழுதவேண்டாம். எழுதினா இன்டர்நெட்டுக்குப் போறதும் அந்த முட்டுச்சந்துக்குள்ள போய் நிண்டிடும். நெட்பிளானில டாப் அடிச்சாலும் ஏசும், ஸ்பேஸ்தான்.

வெள்ளவத்தைப் பொடியன்:
கேட்வே எழுதித்தான் வைச்சிருந்தனான், நீங்கள் சொன்னபடியால அழிச்சன் 😅 பிங் இப்ப உண்மையா மற்ற ஆளிட்ட இருந்துதான் வருகுது. பிறகும் மைஎஸ்கியூஎல் கதவைத் திறக்கேல்லை. அது எந்த ஐபியில காது குடுக்கவேணும் எண்டு சொல்லுற பைண்ட்-அட்ரஸ் 127.0.0.1 இல, அதாவது தன்னட்ட மட்டும், இருந்தது, 192.168.56.12 ஆக்கி, வெப்பின்ர ஐபிக்கு யூசர் ஒண்டும் குடுத்தன். வைஃபையை ஓஃப் பண்ணிப்போட்டு ப்ரவுசரில 192.168.56.11 அடிச்சன். லொகின் பக்கம் வந்திட்டுது.